நுரையீரலில் ஏறும் இரத்த அழுத்தமும் அதற்குரிய மருந்துகளும்



தீபாவளி நெருங்கும்போது மஸ்ஜித் இந்தியா எப்படியிருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் சேலைக் கடை, மறுபக்கம் வளையல் கடை, நடுவிலே மல்லிகைப் பூவும் முறுக்கும். ஐந்தடியில் நடக்க இடமிராது. 1863இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசலால் பெயர் பெற்ற இந்தத் தெருவுக்கு, தோட்டத்து மக்கள் வேன் பிடித்து வந்து வருடாந்திரத் துணிமணியை வாங்கிப் போவது நெடுநாள் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படியொரு நாளில், கடையொன்றின் ஐந்தடியில் ஒரு பெண் குந்தியிருக்கக் கண்டேன். பக்கத்திலே துணிப்பை இரண்டு. உதடு நீலம் பாரித்திருந்தது. என்னிடம் படித்த பையனின் தாயார் அவர். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். “பத்து அடி நடந்தா மூச்சு நின்னு போற மாதிரி இருக்கு டீச்சர். கொஞ்சம் உட்கார்ந்தா சரியாயிடும்” என்றார். சற்றுத் தள்ளி ஒருவர் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு, ஆண்களுக்கு வீரியம், மூட்டு வலி, மூச்சிரைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே வேர்ப்பொடி என்று கூவிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளின் கையில் அந்தப் பொடிப் பொட்டலம் ஒன்று இருந்தது.

அவருக்கு இருந்த நோயையும், அவர் கையில் இருந்திருக்க வேண்டிய மருந்தையும் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இரத்த அழுத்தம் என்றால் நமக்கெல்லாம் தெரியும். கையிலே பட்டையைக் கட்டிக் காற்றடித்து, நூற்றிருபது, எண்பது என்று சொல்வார்கள். அது உடம்பு முழுவதற்கும் இரத்தம் அனுப்புகின்ற இடது பக்க இதயத்தின் அழுத்தம். இதயத்திற்கு வலது பக்கம் ஒன்று உண்டு. உடம்பைச் சுற்றிக் களைத்து வந்த இரத்தத்தை வாங்கி, நுரையீரலுக்கு அனுப்புவது அதன் வேலை. நுரையீரலில் அந்த இரத்தம் உயிர்க்காற்றை ஏற்றிக்கொண்டு இடது பக்கம் திரும்புகிறது. நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் இந்த வழியே போய்வருகிறது. ஆனால் அழுத்தம் மிகக் குறைவு. நுரையீரல் குழாயில் சராசரி அழுத்தம் 14 மில்லிமீட்டர் பாதரச அளவை ஒட்டித்தான் இருக்கும். அதற்கேற்ப வலது அறையின் சுவரும் மெல்லியது. பாரம் தூக்கப் பிறந்த தசை அல்ல அது.

அந்தச் சராசரி 20க்கு மேல் ஏறிவிட்டால் நுரையீரல் உயர் அழுத்தம் என்று இன்றைய மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். 1973இல் ஜெனீவாவில் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டிய கூட்டத்திலிருந்து நெடுங்காலம் 25 என்பதே எல்லையாக இருந்தது. 2018இல் உலக வல்லுநர்கள் கூடி 20 என்று குறைத்தார்கள். நுரையீரலின் சிறு குழாய்கள் இறுகிச் சுவர் தடித்துப் போனால், மெல்லிய வலது அறை மாடு மேட்டில் வண்டி இழுப்பதுபோல் இழுக்க வேண்டியிருக்கும். முதலில் தசை தடிக்கும், பிறகு வீங்கும், கடைசியில் தளரும். மூச்சிரைப்பு, களைப்பு, தலைசுற்றல், கால் வீக்கம், வயிறு உப்பல், மயக்கம் எல்லாம் அதனால் வருபவை.

கையில் பட்டை கட்டி அளந்தால் இது தெரியாது. அந்த அம்மாளின் கை அழுத்தம் நன்றாகவே இருந்தது. அதனால்தான் இரண்டு வருடம், “ஆஸ்துமாவாக இருக்கும்”, “இரத்தம் கம்மி”, “வயசாகுது” என்றே காலம் போயிற்று. செம்பனைக் காட்டிலே உரம் போடும்போது மற்றவர்களுக்குப் பின்னால் அவர் நின்று விடுவதைச் சோம்பல் என்றும் சிலர் சொன்னார்களாம். அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இதயத்தை ஒலி அலையால் படம் பிடிக்கும் சோதனையில்தான் முதல் சந்தேகம் எழும். அதை உறுதி செய்ய, ஒரு மெல்லிய குழாயை நரம்பு வழியாக வலது இதயத்துக்குள் செலுத்தி நேரே அழுத்தத்தை அளப்பார்கள். கேட்கவே பயமாக இருக்கும். 1929இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், மேலதிகாரி வேண்டாமென்று தடுத்தும் கேளாமல், தம் கை நரம்பிலேயே குழாயை ஏற்றிக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று, குழாயின் நுனி இதயத்தில் இருப்பதைப் படமெடுத்துக் காட்டினார். 1956இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்று அது நாள்தோறும் நடக்கும் சோதனை. கோலாலம்பூரில் 1992இல் தொடங்கிய தேசிய இருதயக் கழகம், செர்டாங் மருத்துவமனை போன்ற இடங்களில் இதயச் சிறப்பு மருத்துவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்துக்கு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கினால் வழி திறக்கும். அரசு மருத்துவமனைச் சிறப்புக் கிளினிக்கில் குடியுரிமை உள்ளவர்களுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான். சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் செலவுக்குப் பயந்து வீட்டிலிருந்துவிடாமல், மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

மருந்துக்கு வருவோம். அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். நுரையீரலில் அழுத்தம் ஏறுவது ஒரே நோய் அல்ல. பலருக்கு அது வேறொரு நோயின் நிழல். சிறு வயதில் தொண்டை வலியோடு மூட்டு வீங்கிய காய்ச்சல் வந்து, அதனால் இதய வால்வு சுருங்கியவர்கள் நம் பழைய லயங்களில் இருந்தார்கள். அவர்களுக்கு இடது பக்கத்திலே வாசல் அடைபட்டு, இரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. அங்கே வால்வை விரிப்பதுதான் வைத்தியம். அதற்கென்றே ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே 1980களில் பலூன் முறை ஒன்றைக் கண்டார். பல்லாண்டு புகைபிடித்தும் விறகடுப்புப் புகையில் கிடந்தும் நுரையீரல் கெட்டவர்களுக்குப் புகையை விடுவதும் உயிர்க்காற்றும் முக்கியம். காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டவர்களுக்கு இரத்தம் உறையாமல் காக்கும் மருந்தும், சிலருக்கு அறுவையும் வேண்டும். இவர்களுக்கெல்லாம் நான் இனிச் சொல்லப்போகும் மாத்திரைகளைக் கொடுத்தால் பயனில்லாமல் போகலாம். சிலருக்குக் கெடுதலும் ஆகலாம். ‘பக்கத்து வீட்டு அக்காவுக்கும் மூச்சிரைப்புத்தானே, இதில் இரண்டு கொடுங்கள்’ என்று வாங்கிப் போகக் கூடாது.

நுரையீரல் நாடிகளே நோயுற்று இறுகும் வகை ஒன்று தனியாக உண்டு. பிறவியிலேயே இதயத்தில் துளை இருந்து காலத்தில் அடைக்கப்படாதவர்கள், சில மூட்டு, தோல் நோய்க்காரர்கள், காரணமே தெரியாமல் இது வந்தவர்கள், இந்த வகையில் சேர்வார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. நம் அம்மாளுக்கு வந்தது காரணம் தெரியாத வகை.

இந்த வகைக்கு ஒரு காலத்தில் மருந்தே கிடையாது. 1980களில் அமெரிக்காவில் இந்நோயாளிகள் 194 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, நோய் உறுதியானபின் அவர்களில் பாதிப்பேர் 2 ஆண்டு 10 மாதம்கூட வாழவில்லை என்று தெரிந்தது. நீர் வெளியேற்றும் மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், உயிர்க்காற்று, இவைதாம் கையிலிருந்தவை. இன்றும் நீர் மாத்திரை வேண்டியதாகவே இருக்கிறது. கால் வீக்கத்தைக் குறைப்பது அதுதான். கருவாடும் ஊறுகாயும் தாராளமாகச் சாப்பிட்டுவிட்டு நீர் மாத்திரையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பிறகு மூன்று கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன.

முதற்கதவு, இரத்தக் குழாயின் உட்சுவர் தானே சுரக்கின்ற பிராஸ்டாசைக்ளின் என்ற பொருள். குழாயை விரிப்பதும் இரத்தம் கட்டாமல் காப்பதும் அதன் குணம். 1976இல் இங்கிலாந்தில் ஜான் வேனும் அவர் குழுவினரும் அதைக் கண்டார்கள். வேனுக்கு 1982இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதையே மருந்தாகச் செய்து 81 நோயாளிகளிடம் 12 வாரம் சோதித்தார்கள். அந்தக் காலத்துக்குள் இறந்த 8 பேரும் இம்மருந்து பெறாத பிரிவைச் சேர்ந்தவர்கள். 1995இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் உடலில் சில நிமிடங்களே நிற்கும் மருந்து அது. நெஞ்சு நரம்பில் குழாய் பொருத்தி, இடுப்பில் சிறு இயந்திரம் கட்டி, இரவும் பகலும் செலுத்த வேண்டும். நின்றால் ஆபத்து. அதன் உறவுக்கார மருந்தான ஐலோபிராஸ்டை மூச்சோடு உள்ளிழுக்கலாம். அதையும் ஒரு நாளைக்கு 6 முதல் 9 முறை இழுக்க வேண்டும்.

இரண்டாவது கதவு ஜப்பானில் திறந்தது. குழாயை இறுக்கும் எண்டோதீலின் என்ற பொருளை 1988இல் யானகிசாவா என்பவரும் அவர் கூட்டத்தாரும் கண்டறிந்தார்கள். அதைத் தடுக்கும் போசென்டான் 2001இல் வந்தது. நாளுக்கு இரண்டு வேளை விழுங்கும் மாத்திரை. ஊசியும் இயந்திரமும் இல்லாமல் இந்நோய்க்கு வந்த பெரிய வசதி அது. ஆனால் ஈரலைக் கெடுக்கக் கூடும் என்பதால் மாதந்தோறும் இரத்தம் சோதிக்க வேண்டும். வயிற்றிலிருக்கும் சிசுவுக்கு ஊனம் விளைவிக்கும். கருத்தடை மாத்திரையின் வலிமையையும் இது குறைத்துவிடும். ஆகவே மாத்திரையை மட்டும் நம்பியிராமல் வேறு முறையும் கைக்கொள்ளச் சொல்வார்கள்.

இங்கே தாய்மார்களோடும் மாமியார்மாரோடும் ஒரு வார்த்தை. மருந்து எதுவானாலும், நுரையீரல் அழுத்தம் உயர்ந்த பெண்ணுக்குக் கர்ப்பம் உயிருக்கே ஆபத்து. கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு பெருகுகிறது. தளர்ந்த வலது இதயம் அதைத் தாங்காது. பிரசவமும் அதன் பின்வரும் நாட்களும் மிகக் கொடியவை. ‘இன்னொரு பிள்ளை, ஆண் பிள்ளையாக’ என்று அப்படிப்பட்ட மருமகளை நெருக்காதீர்கள். அந்த நெருக்குதலுக்குப் பலியானவர்கள் உண்டு.

மூன்றாவது கதவில்தான் நம் கதை மறுபடியும் மஸ்ஜித் இந்தியாவுக்கு வருகிறது. குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிட்டு, ‘தளர்ந்துகொள்’ என்று தசைக்குக் கட்டளை எழுதுகிறது. இதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. எழுதிய கட்டளையை அழிப்பதற்கு ஒரு பொருள் காத்திருக்கிறது. நான் கரும்பலகையில் எழுத எழுத, பின்னாலேயே ஒரு பையன் துடைப்பானோடு வந்து அழித்துக்கொண்டே போனால் வகுப்பு எதைப் படிக்கும்? அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொள்ளும் மருந்துதான் சில்டெனாஃபில். கட்டளை பலகையில் நிற்கிறது, குழாய் தளர்கிறது, வலது இதயத்தின் பாரம் குறைகிறது.

துடைப்பான் பிடித்த அந்தப் பையன் உடம்பில் இரண்டு இடத்தில் மிகுதி. ஒன்று நுரையீரல். மற்றொன்று எதுவென்று பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் சாண்ட்விச் என்ற ஊரிலுள்ள ஃபைசர் நிறுவன ஆய்வுக்கூடத்தில் இம்மருந்தை முதலில் நெஞ்சுவலிக்கென்று சோதித்தார்கள். நெஞ்சுவலிக்குப் பெரிதாக உதவவில்லை. ஆண்களுக்கு வேறு விளைவு தெரிந்தது. 1998இல் வயாக்ரா என்ற பெயரில் அது உலகமெல்லாம் பிரபலமாயிற்று. நுரையீரல் அழுத்தத்துக்கு அனுமதி கிடைத்தது 2005இல். அதற்கான சோதனையில் 278 நோயாளிகள் பங்கு பெற்றார்கள். இந்நோயில் பலனை அளக்க எளிய வழி ஒன்று உண்டு: ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார் என்று பார்ப்பது. 12 வாரத்துக்குப் பின், வெறும் மாத்திரை பெற்றவர்களைவிட, 20 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளை உட்கொண்டவர்கள் சராசரியாக 45 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். 45 மீட்டர் என்ன பெரிய தூரம் என்று கேட்காதீர்கள். லயத்து வீட்டிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கும் திரும்பவும் நடப்பதற்கும், வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவதற்கும் உள்ள தூரம் அது.

ஐந்தடியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளுக்கும் இம்மாத்திரையைத்தான் மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். நான்கு மாதம் சாப்பிட்டு, நன்றாக நடமாடியும் இருக்கிறார். ஒருநாள் வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் பெட்டியிலிருந்த பெயரை வாசித்துவிட்டு, “இது மஸ்ஜித் இந்தியாவில் மைக் வச்சு விக்கிற சாமானாச்சே!” என்று சிரித்திருக்கிறார். வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. “பொம்பளைக்கு ஏன் இந்த மருந்து?” என்று கேட்டாராம். அம்மாள் பதில் சொல்லத் தெரியாமல் மாத்திரையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். பிறகு சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். மூன்று வாரம் ஆகியிருந்தது, நான் பார்த்தபோது. தெருவில் விற்ற பொடியை வாங்கச் சொன்னவரும் அதே உறவுக்காரர்தான்.

இம்மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் எகிறும். நான் அவரைக் கையோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சேலைப் பையும் கூடவே வந்தது. சில நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். வீட்டுக்காரரையும் வரவழைத்து, இதயப் படத்தைக் காட்டி, மேலே நான் சொன்ன விவரத்தையெல்லாம் மருத்துவர் அரை மணி நேரம் விளக்கினார். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், “முதலிலேயே யாராச்சும் இப்படிச் சொல்லியிருந்தா நான் ஏன் டீச்சர் சந்தேகப்படப் போறேன்?” என்றார். அவர்மேல் எனக்கிருந்த கோபம் பாதி அங்கேயே போயிற்று. மருந்தைக் கொடுக்கும்போது அதன் பெயர் ஊரில் எப்படிப் பேசப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் இவ்வளவு அலைச்சல் இல்லை.

அந்தப் பொடிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேர், பட்டை என்று விற்கப்படும் வீரியப் பொடிகளிலும், கலந்து குடிக்கும் காப்பிப் பொட்டலங்களிலும் இதே சில்டெனாஃபிலையோ அதன் இனத்தையோ இரகசியமாகக் கலப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைக்கும் பெரியவர் அந்தப் பொடியைச் சாப்பிட்டால், இரண்டும் சேர்ந்து இரத்த அழுத்தத்தை அடிமட்டத்துக்குத் தள்ளி ஆளையே சாய்த்துவிடும். நுரையீரல் நோயாளியும் அப்படித்தான்: சில்டெனாஃபில் சாப்பிடுபவர் அந்த நாக்கடி மாத்திரையைத் தொடக் கூடாது. நெஞ்சு வலிக்கிறதென்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒன்று கடன் வாங்குவது நம்மிடையே சாதாரணம் என்பதால் சொல்கிறேன். நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் மால் என்ற மூன்று மலாய் எழுத்துகளோடு தொடங்கும் எண்ணும், மினுங்கும் பாதுகாப்பு ஒட்டுச்சீட்டும் இருக்கும். இரண்டும் இல்லாததை வாங்காதீர்கள்.

உடல் மெலிய விற்கும் மருந்துகளிலும் கவனம் வேண்டும். 1965இல் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, மேற்கு ஜெர்மனி நாடுகளில் அமினோரெக்ஸ் என்ற பசியடக்கும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. அதைச் சாப்பிட்டவர்களிடையே இதே நுரையீரல் நோய் திடீரெனப் பெருகிற்று. 1968இல் மாத்திரையை மீட்டுக்கொண்டார்கள். நான் முன்னே சொன்ன ஜெனீவாக் கூட்டமே அந்தத் துயரத்தின் பின்விளைவுதான். சியாபு என்னும் போதைப் பொருளும் இந்நோயைக் கொண்டுவரும் என்பது இப்போது உறுதியாகியிருக்கிறது. இளைஞர்கள் இருக்கும் வீடுகளில் இதைக் காதில் போட்டுவையுங்கள்.

சில்டெனாஃபிலால் தலைவலி, முகச் சிவப்பு, வயிற்றெரிச்சல், மூக்கில் இரத்தம் வரலாம். பெரும்பாலும் நாளடைவில் குறையும். திடீரென்று கண் மங்கினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பழைய மருந்தாகிவிட்டதால் விலை குறைந்த மாத்திரைகளும் வந்திருக்கின்றன. இதே இனத்தில் தடாலாஃபில் ஒரு வேளை போட்டால் போதும். ஒரு மருந்து போதாவிட்டால் இரண்டு மூன்று கதவுகளையும் சேர்த்துத் திறப்பதே இன்றைய முறை. 2024இல் அமெரிக்காவில் சோடாடெர்செப்ட் என்ற ஊசி மருந்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தோலடியில் போடுவது. குழாயை விரிப்பதோடு நில்லாமல், தடித்த சுவரையே திருத்த முயல்கிறது. விலை மிக அதிகம். எந்த மருந்தும் நோயை வேரோடு எடுத்துவிடுவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மாள் இப்போது மூன்று வேளையும் மாத்திரை போடுகிறார். உரம் போடும் வேலையை விட்டுவிட்டு, தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் இருக்கிறார். சென்ற முறை மருத்துவமனையில் நடை சோதனை வைத்தபோது, முன்னைவிடத் தூரம் கூடியிருக்கிறது என்றார்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறலாமா என்று அவர் மருத்துவரைக் கேட்டார். 272 படி வேண்டாம், கீழேயே நின்று கும்பிடுங்கள் என்றார் மருத்துவர். வீட்டுக்காரர்தான் பால்குடம் எடுத்துக்கொண்டு ஏறினார். அம்மாள் அடிவாரத்தில், பகல் வேளை மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.